சச்சிதானந்தமும் மூவொரு இறைவனும்

குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையிலுள்ள கிறிஸ்தவத் துறவியர் இல்லம் ஒன்றின் பெயர் சச்சிதானந்த ஆசிரமம். சாந்திவனம் என்றும் வழங்கும். பிரான்ஸிலிருந்து வந்த மோன்ஷானன் என்ற குருவும், லெ சோ என்ற பெனடிக்ட் சபைத் துறவியும் 1950-இல் இதை நிறுவினர். பெயரிலேயே ஒரு கோட்பாடு அடங்கியிருக்கிறது: தந்தையே சத், மகனே சித், தூய ஆவியே ஆனந்தம். இவ்வொப்புமையைக் கேசவ சந்திர சேனர் 1882-இலேயே பேசினார். பிரம்மபாந்தவ உபாத்தியாயர் 1898-இல் சம்ஸ்கிருதத் துதியாகவே இயற்றினார்.

கேட்பதற்கு இனிமையான ஒப்புமைதான். 'எல்லாம் ஒன்றுதானே' என்று நம்மில் பலர் உடனே தலையசைத்துவிடுவோம். ஆனால் விசாரத்தின் முன் அது நிற்குமா?

வேதாந்தத்தில் சத், சித், ஆனந்தம் என்பவை மூன்று பொருள்கள் அல்ல. பிரம்மத்தின் மூன்று குணங்களும் அல்ல. இருப்பே அறிவு, அறிவே ஆனந்தம். பொய், சடம், துன்பம் ஆகியவற்றை விலக்கிக் காட்டவே சொற்கள் மூன்றாயின, சுட்டப்படுவது ஒன்றே. திருச்சபை கூறுவது வேறு. 325-இல் நைசியாவிலும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சங்கங்களின் வழிவந்த கோட்பாட்டின்படி, இறைத்தன்மை ஒன்று, ஆள் மூவர். ('ஆள்' என்ற மொழிபெயர்ப்பு மூன்று மனிதரை நினைவூட்டிவிடுகிறது, ஆயினும் வேறு நல்ல சொல் எளிதில் கிடைப்பதில்லை.) தந்தை மகனல்லர், மகன் ஆவியல்லர். அவர்களிடையே உள்ள அன்புறவு வெறும் தோற்றமன்று. இறைவனின் உள்ளியல்பே அது. ஒருவரே மூன்று தோற்றம் கொண்டார் என்று சமாதானம் கூறவும் வழியில்லை. சபேல்லியுஸ் என்பவரின் பெயரால் அறியப்படும் அக்கொள்கையைத் திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது.

இந்தச் சிக்கலை நிறுவியவர்களே உணர்ந்திருந்தனர். 1957-இல் மறைந்த மோன்ஷானனுக்கு, அத்வைதமும் மூவொருமையும் இசையுமா என்ற ஐயம் இறுதிவரை நீங்கவில்லை. லெ சோவோ 1949-இல் பகவான் ரமணரைத் தரிசித்தவர். பின்னர் அருணாசலக் குகைகளில் தங்கித் தவம் புரிந்தவர், அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர். 'சச்சிதானந்தம்' என்ற தம் நூலில் இரண்டையும் இணைக்க முயன்றார். பிற்காலத்தில் அவ்விளக்கம் அவருக்கே நிறைவளிக்கவில்லை. ஆயினும் அனுபவத்தை மறுக்கவுமில்லை, குருத்துவத்தைத் துறக்கவுமில்லை. அவ்விரண்டின் இடையிலேயே வாழ்ந்து 1973-இல் உடல் நீத்தார். எளிதாக ஒன்றுபடுத்திப் பேசுவோர் அறியாத வேதனை அது.

வாகமண் அருகேயுள்ள குரிசுமலை ஆசிரமத்திலிருந்து 1968-இல் வந்து சாந்திவனத்தை ஏற்ற பீட் கிரிஃபித்ஸ், ஒருமையிலும் அன்புறவு அழிவதில்லை என்றார். அத்வைதி இதற்கு இசையார். இருவர் இருக்கும்வரை அன்பும் அவருக்கு வழியே, முடிவன்று. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமோ, கீழைநாட்டுத் தியான முறைகளைக் குறித்து 1989 அக்டோபர் தேதியிட்ட கடிதத்தில், மனிதனின் 'நான்' இறைவனின் 'நானில்' கரைந்துவிடுவதில்லை என்று உறுதியாகக் கூறியது. அந்த 'நான்' யார் என்றுதான் ரமணர் கேட்கச் சொன்னார்.