கருப்பையில் தொடங்கும் முதுமை நோய்

நீரிழிவு முதுமையில் தோன்றும் நோய் என்பது பொதுவான கருத்து. நம் நாட்டினருக்கோ அது மேலைநாட்டினரைவிடப் பல ஆண்டுகள் முந்தி வருகிறது. உடல் பருக்காதவரையும் விடுவதில்லை. இதன் காரணத்தைத் தேடிய புனே கே. இ. எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக் குழுவினர், 1993-இல் அந்நகரை அடுத்த ஆறு கிராமங்களில் தாய்மாரை ஆராயத் தொடங்கினர்.

அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சௌதாம்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5. சிசுக்கள் மெலிந்தவைதாம். ஆயினும் பெரிதும் குறைந்திருந்தவை தசையும் உள்ளுறுப்புகளுமே. தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தசை குறைந்து கொழுப்பு மிகுந்த உடலில் இன்சுலின் செவ்வனே வேலை செய்வதில்லை. பிற்கால நோய்க்குக் கருப்பையிலேயே நிலம் பண்படுகிறது எனலாம்.

தாய்மாரில் மூன்றில் இருவருக்கு உயிர்ச்சத்து பி-12 குறைவு. பி-12 குறைந்து, போலிக் அமிலம் மிகுந்திருந்த தாய்மாரின் மக்களிடம் ஆறாம் வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுதி என 2008-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. போலிக் அமில மாத்திரையை நிறுத்தவேண்டும் என்பது இதன் பொருளன்று. சிசுவின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பது அதுவே. பி-12 தாவர உணவில் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சியில் உண்டு. ஆகவே, மரக்கறி உண்ணும் கர்ப்பிணியிடம் களப்பணியாளர் முதலில் வினவவேண்டியது, அன்றாடம் பாலோ தயிரோ கிடைக்கிறதா என்பதே.