சின்ன ஊரில் சமூக ஊடகக் கணக்கு: தொடங்கும்போதே பூட்டுப் போடுவது எப்படி?

குஜிலியம்பாறை பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால், "நீங்க எந்த ஊரு? யாரு வீடு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "கரிக்காலி, இன்னார் மகள்" என்று பதில் சொன்னால் போதும். வீடு, உறவு, படித்த பள்ளி, வேலை பார்க்கும் மில் வரைக்கும் கேட்டவருக்குப் புரிந்துவிடும். ஊருக்குள் இது நமக்குப் பெரிய துணை. ஆனால் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று வரும்போது இதே விஷயம் நமக்கு எதிராகவும் திரும்பும்.

சென்னையில் 'பிரியா' என்று ஒரு கணக்கு இருந்தால், அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துகொள்ளலாம். 'பிரியா, குஜிலியம்பாறை' என்று எழுதி, படித்த பள்ளியையும் முடித்த வருடத்தையும் சேர்த்துவிட்டால், அது கிட்டத்தட்ட வீட்டு முகவரிதான். ஊர் சிறியதாக இருக்க இருக்க, நாம் கொடுக்கும் ஒவ்வொரு தகவலும் நம்மை அதிகமாக அடையாளம் காட்டும். "நம்ம போட்டோவை யாரு பாக்கப் போறாங்க?" என்ற நினைப்பு பெருநகரத்தைவிட நம் பகுதியில்தான் அதிக ஆபத்து.

அதற்காக சமூக ஊடகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. திருப்பூரிலும் கரூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு பேசவும், மகளிர் குழுவின் பொருட்களை விற்கவும், அரசு அறிவிப்புகளைத் தெரிந்துகொள்ளவும் அது வேண்டும். கணக்கு தொடங்கும் முதல் பத்து நிமிடத்தில் எதைக் கொடுக்கிறோம், யாருக்குக் காட்டுகிறோம் என்று பார்த்துச் செய்தால் போதும். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்களும் இந்த வரிசையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

1. கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா?

புது போன் வாங்கிய கடையிலேயே, "அண்ணே, பேஸ்புக்கும் போட்டுக் குடுத்துருங்க" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் அவசரத்தில் தன்னுடைய மின்னஞ்சலையோ எண்ணையோ கொடுத்துத் தொடங்கிவிடுகிறார். கணக்கு உங்கள் பெயரில் இருந்தாலும் அதன் சாவி அவரிடம் இருக்கும். நாளைக்குக் கடவுச்சொல் மறந்துபோனால், அதை மீட்கும் ரகசிய எண் அவருக்குத்தான் போகும்.

ஆகவே கணக்கை உங்கள் சொந்தக் கைபேசியில், உங்கள் சொந்த எண்ணில் தொடங்குங்கள். உதவிக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். கடவுச்சொல்லைத் தட்டுவது மட்டும் உங்கள் விரலாக இருக்கட்டும். மற்றவர் தொடங்கிக் கொடுத்த கணக்கு என்றால், செட்டிங்ஸில் எந்த எண்ணும் எந்த மின்னஞ்சலும் இணைந்திருக்கின்றன என்று இன்றே பாருங்கள். உங்களுடையது இல்லாததை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

சிம் மாற்றுபவர்களுக்கு இன்னொரு விஷயம். பயன்படுத்தாமல் துண்டிக்கப்பட்ட எண், 90 நாட்களுக்குப் பிறகு வேறு ஒருவருக்கு வழங்கப்படலாம். பழைய எண்ணிலேயே உங்கள் கணக்கு இருந்தால், மீட்பு எண் அந்தப் புதியவருக்குப் போகும். எனவே முதலில் கணக்குகளில் எண்ணை மாற்றுங்கள், அப்புறம் சிம்மை விடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம்.

2. கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை

கணக்கு தொடங்கப் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் அல்லது மின்னஞ்சல் போன்ற சிலவே கட்டாயம். அதன்பிறகு வரும் பள்ளி, கல்லூரி, வேலை, சொந்த ஊர், உறவு நிலை, குடும்பத்தார் பெயர் எல்லாம் உங்கள் விருப்பம்தான். 'ஸ்கிப்' என்று இருக்கும், அதைத் தட்டிவிட்டு மேலே போகலாம்.

பிறந்த தேதியைக் கொடுத்தாலும் அதை 'ஒன்லி மீ' என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு பார்க்கவும் பதிவு எண்ணும் பிறந்த தேதியும்தான் கேட்கிறார்கள். இப்படிப் பல இடங்களில் பிறந்த தேதி ஒரு சாவி மாதிரி. அதை ஊரறிய மாட்டி வைக்க வேண்டாம்.

'உங்கள் தொடர்புகளைப் பதிவேற்றலாமா?' என்று செயலி கேட்கும். சம்மதித்தால் உங்கள் போனில் இருக்கும் அத்தனை பேருடைய எண்களும் அந்த நிறுவனத்துக்குப் போகும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இதற்கு 'நாட் நவ்' என்று சொன்னாலும் கணக்கு நன்றாகவே வேலை செய்யும். இருப்பிடம் கேட்டாலும் அப்படியே. போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கான லொகேஷன் அனுமதியை அணைத்து வைக்கலாம்.

3. கடவுச்சொல், அதற்கு மேல் இன்னொரு பூட்டு

பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த கடவுச்சொல்லை, ஊரில் உங்களைத் தெரிந்த யாரும் ஊகித்துவிடுவார்கள். ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். 'உரல், புதன், மஞ்சள், பனைமரம்' என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள், இது அச்சில் வந்துவிட்டது!) நீளமாக இருப்பதால் உடைப்பது கடினம், உங்களுக்கு மறக்கவும் செய்யாது. மின்னஞ்சலுக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு வேறு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைப்பதில் தவறில்லை. போன் கவருக்குள் சீட்டாகச் செருகி வைக்கத்தான் கூடாது.

அடுத்து, இரு-படி சரிபார்ப்பு. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட் என்று போனால் இது இருக்கும். நீங்களே ஆறு இலக்க எண் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு எவராவது உங்கள் எண்ணில் வாட்ஸ்அப் தொடங்க முயன்றால், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி மட்டும் போதாது, இந்த எண்ணும் வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் இதே வசதி உண்டு.

"அக்கா, என் ஓடிபி தவறுதலா உங்க நம்பருக்கு வந்துருச்சு, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே செய்தி வரலாம். அவர் கணக்கை ஏற்கெனவே யாரோ பிடித்திருக்கலாம். அடுத்து உங்கள் கணக்கைப் பிடிக்கத்தான் அந்தக் கேள்வி. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டு வந்தால், அவருக்கு நேரடியாக ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்கள்.

4. திண்ணை யாருக்கு, உள்வீடு யாருக்கு?

நம் வீடுகளில் திண்ணை வழிப்போக்கருக்கும் உண்டு. ஆனால் அடுப்படி வரைக்கும் எல்லோரும் வருவதில்லை. கணக்கிலும் அப்படிப் பிரித்து வைக்க வழி இருக்கிறது. அதை நாம்தான் செய்ய வேண்டும். பல விஷயங்களில் முதலிலேயே 'எவ்ரிஒன்', அதாவது 'எல்லோரும்' என்று வைத்துத்தான் கணக்கைக் கொடுக்கிறார்கள்.

வாட்ஸ்அப்: செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போங்கள். புரொஃபைல் படம், கடைசியாகப் பார்த்த நேரம், 'அபவுட்' ஆகியவற்றை 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். 'குரூப்ஸ்' என்பதையும் அப்படியே மாற்றினால், முன்பின் தெரியாதவர்கள் உங்களைக் குழுவில் சேர்க்க முடியாது. 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் இணைக்காத கணினி ஏதாவது இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

பேஸ்புக்: 'புரொஃபைல் லாக்' என்ற வசதி 2020 முதல் இந்தியாவில் இருக்கிறது. அதைத் தட்டினால் நண்பர் அல்லாதவர்கள் உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவோ பதிவுகளைப் படிக்கவோ முடியாது. நண்பர்கள் பட்டியலை 'ஒன்லி மீ' ஆக்குங்கள். கைபேசி எண்ணை வைத்து உங்களை யார் தேடலாம் என்பதையும் 'எவ்ரிஒன்' என்பதிலிருந்து மாற்றுங்கள்.

இன்ஸ்டாகிராம்: 'பிரைவேட் அக்கவுண்ட்' என்பதை இயக்குங்கள். கடைக்கு அல்லது மகளிர் குழுவுக்குப் பொதுக் கணக்கு தேவை என்றால் அதைத் தனியாகத் தொடங்குங்கள். அதில் பொருட்களின் படம் இருக்கட்டும், வீட்டுப் படம் வேண்டாம்.

நண்பர்கள் பட்டியலை மறைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மாவட்ட ஆட்சியர்கள், காவல் உயர் அதிகாரிகள் பெயரிலேயே போலிக் கணக்குகள் தொடங்கி, "துணை ராணுவப் படையில் இருக்கும் நண்பருக்கு மாறுதல் வந்துவிட்டது, வீட்டுச் சாமான்களை மலிவாகத் தருகிறார்" என்று பணம் பறிக்கும் மோசடி நமக்குப் பழகிப்போன ஒன்று. ஒருவருடைய படத்தையும் நண்பர்கள் பட்டியலையும் எடுத்து, அந்த நண்பர்களுக்கே அழைப்பு அனுப்புவதுதான் இதன் முறை. பட்டியல் தெரியாவிட்டால் யாருக்கு அனுப்புவது என்று மோசடிக்காரருக்குத் தெரியாது.

5. பிள்ளைகளின் கணக்கு

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றிலும் குறைந்தபட்ச வயது 13. "வயசக் கூட்டிப் போட்டுக்கலாம்" என்று பிள்ளைகள் சொன்னால் விட்டுவிடாதீர்கள். இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், அறியாதவர்கள் செய்தி அனுப்பவும் தடை இருக்கும். பொய் வயது போட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் போய்விடும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மதிப்பெண் சான்றிதழ், ஹால் டிக்கெட், பள்ளிச் சீருடைப் படம் ஆகியவற்றை ஸ்டேட்டஸில் வைக்கும் பழக்கத்தைப் பெற்றோரும் விட வேண்டும்.

6. ஏதாவது நடந்துவிட்டால்

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு இளம் பட்டதாரிப் பெண்ணின் படத்தை ஆபாசமாகத் திரித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பத்தினர் புகார் கொடுத்து, நடவடிக்கைக்குக் காத்திருந்த நாட்களிலேயே அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாடே கலங்கிய சம்பவம் அது. படத்தைத் திருடித் திரித்தவர்தான் குற்றவாளி. படத்தில் இருப்பவர் வெட்கப்பட எதுவும் இல்லை. "ஏன் போட்டோ போட்டே?" என்று வீட்டில் கேட்கும் முதல் கேள்விதான் பல பெண்களின் வாயை அடைக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதிலாக, "வா, புகார் கொடுப்போம்" என்று சொல்லுங்கள்.

முதலில் சாட்சியைச் சேமியுங்கள். பதிவு, கணக்கின் பெயர், அதன் இணைய முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பயத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். பிறகு அந்தச் செயலியிலேயே 'ரிப்போர்ட்' செய்யுங்கள். போலிக் கணக்கு என்றால் நண்பர்களையும் ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். மற்ற புகார்களுக்கு தேசிய சைபர் குற்றப் புகார் தளம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகளின் ஆபாசப் படங்கள் தொடர்பான சில புகார்களைப் பெயர் சொல்லாமலும் அங்கே பதியலாம். நேரில் போக விரும்பினால் திண்டுக்கல் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தையோ அருகிலுள்ள காவல் நிலையத்தையோ அணுகலாம். "இது எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக்கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம்.

அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசத் தளம், 18 வயது நிரம்பியவர்களின் அத்தகைய படங்கள் பரவாமல் தடுக்க உதவுகிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே உருவாகும் ஓர் அடையாளக் குறியீடு மட்டும் போகும், அதை வைத்து அதில் இணைந்துள்ள நிறுவனங்கள் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 உதவி எண்கள் உள்ளன. மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி, மற்றவரின் கடவுச்சொல் போன்ற அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அனுமதியின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுப்பதும் பரப்புவதும் 66இ பிரிவின்படி குற்றம்.

இன்று இரவு செய்ய வேண்டியவை

சாப்பிட்டு முடித்த பிறகு வீட்டில் எல்லோருடைய போனையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மீட்பு எண் நம்முடையதா என்று பாருங்கள். இரு-படி சரிபார்ப்பைப் போடுங்கள். புரொஃபைல் படத்தையும் நண்பர்கள் பட்டியலையும் மறைத்து வையுங்கள். பிறந்த தேதியை 'ஒன்லி மீ' ஆக்குங்கள். 1930 என்ற எண்ணைப் போனில் சேமியுங்கள். அம்மாச்சி, தாத்தா போன் வைத்திருந்தால் அதை முதலில் பாருங்கள். வீட்டில் பெரும்பாலும் பூட்டே இல்லாமல் கிடப்பது அந்தப் போன்தான்.