இருவர் மட்டும் செல்லும் பயணம்

பெங்களூரில் ஃபிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் ஆகியவற்றின் அருகே ரிச்சர்ட்ஸ் டவுன் என்னும் பகுதி உள்ளது. ஆங்கிலேயர் காலத்துப் படைக்குடியிருப்பைச் சார்ந்து வளர்ந்த இப்பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மாலைப் பொழுதில் இங்குள்ள பூங்காவில் அமர்ந்திருந்தால் தமிழும் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் ஒருசேரக் காதில் விழும்.

அப்பூங்காவை அடுத்த தெருவில் ஒரு தாத்தாவும் பாட்டியும் தம் மகன் குடும்பத்தோடு வசித்து வந்தனர். தாத்தா அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அகவை அறுபத்தெட்டு. பாட்டி அவரினும் ஐந்து ஆண்டுகள் இளையவர். பேத்தி எட்டாம் வகுப்பிலும் பேரன் ஐந்தாம் வகுப்பிலும் பயின்றனர்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அக்குடும்பத்தினர் மைசூர் சாலையில் பிடதிக்கு அருகே உள்ள வொண்டர்லா பூங்காவிற்குச் செல்வது வழக்கம். 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பூங்கா ஏறத்தாழ 82 ஏக்கர் பரப்புடையது. தலைகீழாகச் சுழலும் ஊர்திகளும் செயற்கை அலைகள் எழும் நீர்நிலையும் அங்கு உண்டு. குழந்தைகள் நுழைவாயிலைக் கடந்தவுடன் ஓடத் தொடங்குவர். மகனும் மருமகளும் பின்னே ஓடுவர். தாத்தா பைகளைச் சுமப்பார். பாட்டி நிழல் தரும் ஓர் இடத்தில் அமர்ந்து நால்வரின் காலணிகளையும் காத்திருப்பார். உயர் இரத்த அழுத்தம் உள்ளோர், இதய நோயாளிகள், முதுகு வலி உள்ளோர் ஆகியோர் விரைவு ஊர்திகளில் ஏறக்கூடாது என்று ஒவ்வோர் ஊர்தியின் முன்னும் எழுதி வைத்திருப்பார்கள். அப்பலகைகளை முழுமையாகப் படித்தவர் தாத்தா ஒருவரே. அவற்றில் எழுத்துப் பிழை உள்ளதா என்று பார்ப்பதும் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஒரு நவம்பர் மாத இரவில், உணவு முடிந்த பின்னர் பாட்டி மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

“ஏங்க, அடுத்த மாதம் எனக்குச் சீட்டுப் பணம் வருகிறது. இந்த முறை நாம் இரண்டு பேர் மட்டும் எங்காவது போய் வரலாமா?”

தாத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “பிடதிக்கா?”

“பிடதியில் எனக்குக் கிடைப்பது உங்கள் பேரப்பிள்ளைகளின் செருப்புதானே! வேறு இடம் பாருங்கள்.”

மகன் உடனே கைப்பேசியை எடுத்தான். அதே நிறுவனத்தின் பூங்கா கொச்சியிலும் ஐதராபாத்திலும் உள்ளது என்றான். “ஊர்தான் வேறு, செருப்பு அதேதான்” என்று பாட்டி மறுத்தார். அப்போதுதான் பேத்தி இராமோஜி திரைப்பட நகரத்தின் பெயரைச் சொன்னாள்.

ஐதராபாத்திலிருந்து விசயவாடா செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் நெரிசலைக் கடந்து அமைந்துள்ள இடம் அது. இராமோஜி ராவ் 1996ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினார். அதன் பரப்பு 1,666 ஏக்கர். உலகின் மிகப்பெரிய திரைப்படப் படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்துள்ளது. தெலுங்கிலும் தமிழிலும் ஒருசேர எடுக்கப்பட்ட ‘பாகுபலி’ திரைப்படத்தின் அரண்மனை அரங்குகள் இங்கு அமைக்கப்பட்டவையே. வளாகத்தின் உள்ளேயே தங்கும் விடுதிகளும் உண்டு.

படப்பிடிப்பு நடக்கும் இடத்தைப் பொதுமக்களுக்குக் கட்டணம் பெற்றுக் காட்டும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் 1915ஆம் ஆண்டிலேயே 25 சென்டு கட்டணத்தில் பார்வையாளர்களை உள்ளே அனுமதித்தது. அப்போது ஊமைப்படங்களின் காலம். பார்வையாளர்கள் கைதட்டினாலும் கூச்சலிட்டாலும் படத்திற்குக் கேடில்லை. பேசும்படம் வந்த பின்னர் நிலைமை மாறியது. ஓர் இருமல் கூடப் பதிவாகிவிடும் என்பதால் கதவுகள் மூடப்பட்டன. 1964ஆம் ஆண்டில்தான் ஊர்தியில் அமர்த்திச் சுற்றிக்காட்டும் முறையாக அது மீண்டும் வந்தது. இராமோஜி நகரிலும் பார்வையாளர்கள் பேருந்தில் அமர்ந்தே அரங்குகளைச் சுற்றி வருகின்றனர்.

தாத்தா ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டை வாங்கிவந்து அன்றே திட்டம் எழுதத் தொடங்கினார். காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. மாற்று உடை இரண்டு. வாயில் திறந்தவுடன் கூட்டம் சேரும் முன் பெரிய ஊர்திக்கு விரைதல். மாலையில் வீடு திரும்புதல். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பேத்தி வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“தாத்தா, இது பிடதிக்குப் போகும் திட்டம்!”

அவள் கூறியது சரியே. பிடதியில் நாளை நிருவகிப்பது வரிசை. எந்த ஊர்திக்கு வரிசை குறைவோ அதில் முதலில் ஏற வேண்டும். முந்திச் சென்றவர் மிகுதியாக விளையாடுவார். இராமோஜி நகரிலோ நாளை நிருவகிப்பது கடிகாரம். நடன நிகழ்ச்சி, சண்டைக் காட்சி, திரைப்பட நுணுக்கங்களை விளக்கும் அரங்கம் ஆகியவை குறித்த நேரங்களில் நடைபெறுகின்றன. அந்நேரத்தில் அங்கு இல்லாதவர், முந்திக்கொண்டு ஓடினாலும் பயனில்லை. மேலும், வாயிலிலிருந்து நடுப்பகுதிக்குச் செல்வதற்கே பேருந்தில் ஏற வேண்டும். தாத்தா 1,666ஐ 82ஆல் வகுத்தார். இருபதுக்கும் சற்று மேல் வந்தது. இருபது பிடதிப் பூங்காக்களை ஒரே நாளில் நடந்து முடிப்பவர் எவர்? அவர் அப்பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மறுபக்கத்தைப் புரட்டினார்.

முதலில் நாளைத் தெரிவு செய்தனர். மே மாதத்தில் ஐதராபாத்தின் வெயில் 40 பாகையைத் தாண்டும். திறந்த வெளியில் சுற்ற முதியவர்களால் இயலாது. டிசம்பர் இறுதியில் குளிர் இதமாக இருக்குமாயினும் விடுமுறைக் கூட்டம் நெருக்கும். எனவே பிப்ரவரி மாதத்தின் ஒரு வேலைநாள் ஏற்றது என்று முடிவாயிற்று.

“அப்போது எங்களுக்குப் பள்ளி இருக்குமே!” என்று பேரன் குரல் எழுப்பினான்.

“அதனால்தான் கூட்டம் இருக்காது, கண்ணா” என்றார் பாட்டி. பேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாட்டிக்கு மனம் சற்றே தளர்ந்தது. குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாமா என்று அவர் அன்றிரவு இருமுறை கேட்டார். தாத்தா மறுமொழி கூறாமல் அடுத்த நாள் இரயில் முன்பதிவு விதிகளைப் படித்துக் காட்டினார்.

பெங்களூரில் மாலை இரயில் ஏறினால் விடியற்காலையில் ஐதராபாத்தின் காச்சிகுடா நிலையத்தில் இறங்கலாம். பாட்டிக்கு முழங்கால் வலி; கீழ்ப்படுக்கை கட்டாயம் வேண்டும். அறுபது அகவை நிறைந்த ஆடவருக்கும் நாற்பத்தைந்து நிறைந்த மகளிருக்கும் கீழ்ப்படுக்கைகளில் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரே சீட்டில் தனியாகவோ இருவராகவோ செல்வோருக்கு மட்டுமே அவ்வொதுக்கீடு கிடைக்கும். அச்சீட்டில் பேரப்பிள்ளைகளின் பெயரைச் சேர்த்தால் உரிமை போய்விடும்.

“பார்த்தாயா? இரயில்வே துறையே நம் இருவரை மட்டும் போகச் சொல்கிறது” என்றார் தாத்தா. பாட்டி சிரித்துவிட்டார். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பு தொடங்கும் என்பதால் நாட்காட்டியில் டிசம்பர் மாதத் தேதி ஒன்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தனர்.

தங்கும் விடுதியைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. வளாகத்தில் ஆடம்பர விடுதிக்குச் ‘சிதாரா’ என்றும் அதற்கு அடுத்த நிலையில் உள்ளதற்குத் ‘தாரா’ என்றும் பெயர். முன்னது உருதுச் சொல், பின்னது வடசொல், இரண்டின் பொருளும் விண்மீன் என்பதே. நாம் தாரகை என்று வழங்கும் சொல்லும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. விண்மீன் ஒன்றுதான், வாடகைதான் வேறு என்று தாத்தா வேடிக்கையாகக் கூறினார். அவர் இவ்விரண்டினும் குறைந்த கட்டணத்தில் உள்ள சாந்திநிகேதனம் என்னும் விடுதியே போதும் என்றார். நகருக்குள் தங்கிவிட்டுக் காலையில் பேருந்தில் வந்தால் இன்னும் மலிவு என்றும் கணக்குப் போட்டார்.

பாட்டி அக்கணக்கை மறுக்கவில்லை. ஆனால் வேறொரு கணக்கைச் சொன்னார். “இரவு முழுவதும் இரயில். மறுபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்து. பிறகு நாள் முழுவதும் நடை. மாலையில் மீண்டும் பேருந்து. என் முழங்கால் எந்த இடத்தில் நின்றுவிடும் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறீர்களா?”

அவர் எழுதியிருக்கவில்லை. உள்ளே தங்குவோருக்குச் சுற்றிப் பார்க்கும் கட்டணமும் சேர்ந்த தொகுப்புகள் உள்ளனவா, விடுதியிலிருந்து வண்டி வசதி உண்டா என்று கேட்ட பின்னரே எது மலிவு என்று கூற இயலும். ஆகவே தொலைபேசியில் கேட்பதற்கு வினாக்களை வரிசையாக எழுதினர். இறங்கும் நாளில் அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும்? அதுவரை பைகளை எங்கே வைப்பது? பேருந்தில் ஏறும் படிகள் உயரமானவையா? இடையில் களைத்தால் திரும்பி வர முடியுமா? பலரும் பயணச் செலவை மட்டும் கேட்டுவிட்டு இத்தகைய வினாக்களை விட்டுவிடுவர். நாளைக் கெடுப்பவை பெரும்பாலும் இவையே.

தொலைபேசியில் தாத்தா ஆங்கிலத்தில் தொடங்கினார். மறுமுனையில் இருந்தவர் தெலுங்கும் இந்தியும் கலந்து விரைந்து பேசவே தாத்தா தடுமாறினார். பாட்டி கைப்பேசியை வாங்கிக்கொண்டார். ஃபிரேசர் டவுன் கடைவீதியில் நாற்பது ஆண்டுகள் காய்கறி வாங்கிப் பழகியவர் அவர். பெங்களூர்த் தெருக்களில் பேசப்படும் தக்கினி உருது அவர் நாவில் சரளமாக வரும். ஐதராபாத்தின் பேச்சு வழக்கும் அதன் உறவே. ஐந்தே நிமிடத்தில் எல்லா வினாக்களுக்கும் விடை கிடைத்தது. உரையாடலின் முடிவில் மறுமுனைப் பெண் அவரைத் தம் ஊர்க்காரர் என்றே எண்ணிவிட்டார்.

நடுத்தர விடுதியில் இரண்டு இரவுகள் தங்குவது என்று முடிவாயிற்று. இறங்கும் நாளில் ஓய்வு மட்டும். மறுநாள் முழுவதும் சுற்றிப் பார்த்தல். எஞ்சியது நிகழ்ச்சி நிரலே. தாத்தாவுக்குப் பாகுபலி அரங்கைக் காலை வெயில் ஏறும் முன் காண ஆவல். பறவைப் பூங்காவில் ஒரு மணி நேரம் அமர வேண்டும் என்றார் பாட்டி. பிறகு சற்றுத் தயங்கி, தாம் காண விரும்பும் மற்றோர் அரங்கத்தைக் குறிப்பிட்டார்.

திரைப்படம் உருவாகும் விதத்தைக் காட்டும் அரங்கம் அது. பார்வையாளர்களுள் சிலரை அங்கு மேடைக்கு அழைப்பர். அசையாமல் நிற்கும் குதிரை வண்டியில் ஒரு பெண்ணை அமர்த்தி, வண்டியை விரைந்து ஓட்டுவதுபோல் நடிக்கச் செய்வர். வேறு சிலர் குளம்பொலியையும் பிற ஓசைகளையும் எழுப்புவர். பின்னர் அனைத்தையும் இணைத்துத் திரையில் காட்டும்போது வண்டி காற்றாய்ப் பறக்கும்!

“அந்த வண்டியில் என்னை அமரச் சொல்வார்களா?” என்று பாட்டி கேட்டார்.

வீட்டில் இருந்தோர் அனைவரும் திகைத்தனர். பாட்டி ஆம்பூரில் எட்டாம் வகுப்புப் பயின்றபோது பள்ளி நாடகத்தில் கண்ணகி வேடத்திற்குத் தெரிவு செய்யப்பட்டவர். ஒத்திகைகள் எல்லாம் முடிந்திருந்தன. அரங்கேற்றத்திற்கு ஒரு வாரம் இருந்தபோது அவருடைய தந்தையாருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துக் குடும்பம் இங்கு வந்துவிட்டது. கையில் சிலம்பு ஏந்தியவர் வேறொரு மாணவி. இச்செய்தியைத் திருமணமாகி நாற்பது ஆண்டுகளில் தாத்தா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

“பாட்டி, கையை உயர்த்தினால்தான் கூப்பிடுவார்கள்” என்றான் இதுவரை கோபமாக இருந்த பேரன். “சத்தமாகக் கத்தவும் வேண்டும். நான் சொல்லித் தருகிறேன்.”

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் பயிற்சி நடந்தது. பேரன் அறிவிப்பாளராக நின்றான். பாட்டி முதலில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். மூன்றாம் முறை கையை நன்கு உயர்த்தினார்.

தாத்தா குறிப்பேட்டைத் திறந்தார். பாகுபலி அரங்கிற்கு எதிரே எழுதியிருந்த நேரத்தை அச்சகப் பழக்கப்படி நீக்கற்குறியிட்டு அடித்து, பிற்பகலுக்கு மாற்றினார். காலை நிகழ்ச்சியாகத் திரைப்பட அரங்கத்தை எழுதினார். அதன் கீழே, ‘முப்பது நிமிடம் முன்னதாகச் செல்க, முன்வரிசையில் அமர்க’ என்று சேர்த்தார்.

“எந்தப் புடவை கட்டுவது?” என்று உள்ளறையிலிருந்து பாட்டியின் குரல் கேட்டது.

“தொலைவிலிருந்தும் கண்ணில் படுகிற நிறம்” என்றார் தாத்தா.

சொல்லும் பொருளும்

மெய்ப்புத் திருத்துநர் – அச்சிடும் முன் எழுத்துப் பிழைகளைத் திருத்துபவர்
சீட்டுப் பணம் – பலர் சேர்ந்து மாதந்தோறும் செலுத்தி, முறைப்படி ஒருவர் பெறும் சேமிப்பு
பாகை – வெப்பத்தை அளக்கும் அலகு
ஒத்திகை – அரங்கேற்றத்திற்கு முன் செய்யும் பயிற்சி
குளம்பொலி – குதிரை ஓடும்போது எழும் ஓசை

எழுதுக

1. தாத்தா எழுதிய முதல் திட்டம் இராமோஜி நகருக்கு ஏன் பொருந்தவில்லை?
2. பேசும்படம் வந்த பின்னர்ப் படப்பிடிப்பு வளாகங்களின் கதவுகள் மூடப்பட்டது ஏன்?
3. விடுதியைத் தெரிவு செய்வதில் தாத்தாவின் கணக்கு, பாட்டியின் கணக்கு ஆகியவற்றுள் எது சரி எனக் கருதுகிறீர்கள்? காரணம் தருக.
4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் செய்ய விரும்பிச் செய்ய இயலாது போன ஒன்றைக் கேட்டறிந்து பத்து வரிகளில் தமிழில் எழுதி வருக.