மேலே வந்ததில் கீழே போனதைக் கழி

கோலார் தங்கவயலில் பம்ப் பார்த்த பெரியவர் ஒருவர் இப்போது திருவண்ணாமலையில் மகன் வீட்டோடு இருக்கிறார். பழைய வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் ஏராளம், அவருடையதும் அப்படித்தான். சுரங்கத்தில் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்று கேட்டால், பம்ப் ஓடிய மணிக்கணக்கை நீட்டுகிறவர்களைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வரும். பாறையில் துளை போடும்போது தூசி அடங்கத் தண்ணீர் விட வேண்டும். அது மேலிருந்து குழாயில் இறங்கி, நீர் சேரும் குழியான சம்ப்பில் ஊற்று நீரோடு கலந்து, மறுபடி மேலே ஏறுகிறது. ஏறியதில் இறங்கியதைக் கழித்தால்தான் ஊற்றின் கணக்கு. அதிலும் ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் காய்ந்த தங்கவயலில், கொஞ்சம் நீர் ஆவியாகிக் காற்றோடு போய்விடும்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வாய்க்காலின் குறுக்கே ‘வி’ வடிவில் வெட்டிய தகடு போதும். 90 டிகிரி வெட்டில் நீர் 10 செ.மீ. உயரம் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர். 20 செ.மீ. நின்றால் இரண்டு மடங்கா? இல்லை, ஏறக்குறைய 25 லிட்டர்! ஆகவே அரை விரற்கடை தப்பாகப் படித்தாலும் கணக்கு கெட்டுவிடும். சிலர் அளவுகோலைத் தகட்டிலேயே ஒட்டிவிடுவார்கள். அங்கே தண்ணீர் சரிந்து விழுவதால் உயரம் குறைத்துக் காட்டும். நீர் நிற்கும் உயரத்தைப்போல் நாலு மடங்காவது பின்னால் தள்ளி நட வேண்டும். தகட்டடிச் சேற்றையும் அவ்வப்போது வாரிவிட வேண்டும்.

அடுத்தது தரம். எல்லாக் கசிவும் கலந்த சம்ப்பில் ஒரு பாட்டில் மொண்டு அனுப்புவதில் பயன் குறைவு. ஒவ்வொரு கசிவிலும் தனித்தனியே பிடித்து, இடமும் தேதியும் எழுத வேண்டும். வெப்பம், பி.எச்., உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மூன்றையும் அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் மாறிவிடும். நேற்றுவரை தெளிவாகச் சொட்டியது திடீரென்று துருநிறத்தில் புளித்து வந்தால், பக்கத்துப் பழைய குழியில் தேங்கிய நீராக இருக்கலாம். வேலையை நிறுத்திவிட்டுத்தான் மற்ற பேச்சு.

1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் அப்படித் தேங்கிய நீர்தான் உடைத்துக்கொண்டு வந்தது. 375 பேர் இறந்தார்கள். கைவிட்ட பழைய குழிக்கு 60 மீட்டருக்குள் நெருங்கத் தனி அனுமதி வேண்டும் என்பது நிலக்கரிச் சுரங்க விதி.

திருவண்ணாமலைக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கவுத்திமலை, வேடியப்பன் மலையில் இரும்புத்தாது வெட்டும் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். அது திறந்தவெளிச் சுரங்கத் திட்டம். ஆனாலும் தண்ணீர்க் கவலை ஒன்றுதான். இந்த மாவட்டத்துக் கெட்டிப் பாறையில் நீர் விரிசல்களில்தான் நிற்கிறது. குவாரியோ சுரங்கமோ வந்தபின் கிணறு வற்றியது என்று சொன்னால், முன்பு எவ்வளவு இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். கிணறு வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை, பம்ப் போடுவதற்கு முன், கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.