சுவரும் ஓர் அமானிதம்



மஹல்லாவில் சுவரோவியம் வரைய இளைஞர்கள் முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் "என்ன படம் வரையலாம்?" என்றே நாம் பேச்சைத் தொடங்குகிறோம். "அந்தச் சுவரைத் தினமும் பார்த்து வாழப்போவது யார்?" என்பதல்லவா முதல் கேள்வி?

சென்னை கண்ணகி நகரை நினைத்துப் பார்ப்போம். நகரின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் 2000 முதல் அங்கே குடியமர்த்தப்பட்டன. ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்பது அம்மக்களின் நெடுநாள் வேதனை. 2020-இல் அங்குள்ள குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. ஓவியம் வெளியாரின் பார்வையை மாற்ற உதவலாம். குடிநீருக்கும் வேலைவாய்ப்புக்கும் அது ஈடாகாது. இதை மனதில் வைத்தே நாம் திட்டமிட வேண்டும்.

1. மஷூரா: இறைநம்பிக்கையாளர்கள் தம் காரியங்களைக் கலந்தாலோசித்து நடத்துவர் என்கிறது திருக்குர்ஆன் (42:38). எதிர்வீட்டார், கடைக்காரர்கள், பெண்கள், பிற சமயத்து அண்டை வீட்டார் அனைவரிடமும் மாதிரிப் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்போம். "வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அதையும் ஏற்போம்.

2. அனுமதி: உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவோம். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959 முதலே சட்டம் உண்டு. வக்ஃப் சுவர் என்றால் முத்தவல்லி, நிர்வாகக் குழுவின் ஒப்புதல் தேவை.

3. கண்ணியம்: சுவரொட்டியும் குப்பையும் சேரும் தெருச்சுவரில் இறைவசனங்களை எழுத வேண்டாம். உயிருள்ளவற்றின் உருவங்கள் குறித்து ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம். செடி கொடிகளும் வடிவியல் கோலங்களும் நம் மரபில் நிறையவே உள்ளன.

4. சுவரின் நிலை: பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிக் காரை உதிரும். அதற்குச் சுண்ணாம்பு வண்ணமே ஏற்றது. ஒழுகும் குழாய்களை முதலில் சரிசெய்வோம்.

5. செலவு: ஜகாத் நிதியைத் தொடவே கூடாது. அது எட்டு வகையினருக்கே உரியது (9:60). தனி நன்கொடை திரட்டி, அதில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்குவோம். ஓவியம் மங்கினால் புதுப்பிப்பதா, வெள்ளையடிப்பதா, அது யார் பொறுப்பு என்பதை இப்போதே எழுதி வைப்போம்.

வண்ணம் சில ஆண்டுகளில் மங்கிவிடும். கேட்காமல் செய்ததால் வரும் மனக்கசப்போ எளிதில் மறையாது. நம் தெருவின் அழகோடு நம் உள்ளங்களின் ஒற்றுமையையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.