கோடை மழையும் கொல்லைப்புறமும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையுமே. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிக் கிடக்கிற கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தென்காசி, பொள்ளாச்சி, கூடலூர் முதலிய பிரதேசங்களுக்கோ, சித்திரை வைகாசியில் பிற்பகல் வேளைகளில் இடியோடு வருகிற கோடை மழையும், அது ஓய்வதற்குள் ஜூன் மாதத்தில் தொடங்கி ஆடி கடந்தும் நீடிக்கிற தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலும் சேர்ந்து, உஷ்ண காலமே ஈர காலமாகவும் அமைந்துவிடுகிறது. இப்பகுதி வீடுகளின் பின்புறத்தில் நாலு பாத்திக் காய்கறியும், ஒரு பந்தலும், பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகளும் இருப்பது இன்றும் சகஜம். அவற்றைப் பராமரிப்பவர்களிடையே வழங்கும் நம்பிக்கைகளைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஒரு பொதுவான சுபாவம் புலப்படும். வானத்தைப் பார்த்து வாழ்ந்த ஜனங்களின் சந்ததியாகையால், நீர் எவ்வளவு வந்தாலும் நன்மையே என்றும், தீங்கு நேர்ந்தால் அது இடியாலோ, குளிர்ந்த காற்றாலோ, பிறர் கண்ணாலோதான் நேர்ந்திருக்க வேண்டும் என்றும் நாம் எண்ணிவிடுகிறோம். மழைக் கோடையில் தோட்டத்துக்கும் கோழிக்கும் நேரும் கஷ்டங்களில் பெரும்பாலானவை, உலராமல் தங்கிவிட்ட ஈரத்தாலும், அந்த ஈரத்தோடு அடைபட்டுப் போன காற்றோட்டத்தாலும் விளைபவை என்பதே என் அபிப்பிராயம்.

ஈரத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அதுதான் எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இடி இடித்தால் அடையில் இருக்கும் முட்டை கூமுட்டையாகிவிடும் என்பார்கள். அதற்குப் பரிகாரமாக அடைக்கூடையில் முட்டைகளோடு ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும், சில வீடுகளில் ஒரு மிளகாய் வற்றலையும் சேர்த்து வைப்பார்கள். இடியோசை என்பது காற்றில் எழுகிற அதிர்ச்சி. ஓட்டுக்குள் திரவத்தின் நடுவே, தாய்க்கோழியின் உடம்புக்கு அடியில், வைக்கோலில் புதைந்து கிடக்கிற கருவை அது கொல்வதில்லை. ஆனாலும் சித்திரை, வைகாசியில் அடை வைத்த முட்டைகள் அதிகமாகக் கெட்டுப்போகின்றன என்று நம் பாட்டிமார் கண்டறிந்தது பொய்யன்று. அந்த மாதங்களே இடிமழை மாதங்களாகவும் இருப்பதால் பழி இடியின்மேல் விழுந்தது. கெடுப்பது அதே மாதங்களின் உஷ்ணம்.

நாட்டுக் கோழி ஓர் ஈட்டுக்குரிய பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இடையிடையே நாள் விட்டு இட்டு முடிக்க இரண்டு வாரம்கூட ஆகிவிடுகிறது. ஆகையால் முதலில் இட்ட முட்டை கடைசி முட்டைக்காகக் காத்துக் கிடக்க நேர்கிறது. ஏறக்குறைய 20 டிகிரி வெப்பத்துக்குக் கீழே கரு வளராமல் உறங்கும், 37.5 டிகிரியில் அது ஒழுங்காக வளர்ந்து 21 நாளில் குஞ்சாகும். கோடையில் வீட்டின் உள்ளறையே 30 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது, உறங்குவதற்கு வேண்டிய குளிர்ச்சியும் இல்லாமல், வளர்வதற்கு வேண்டிய சூடும் இல்லாமல், கரு அரைகுறையாக விழித்து, பலவீனப்பட்டு, தாய்க்கோழி அடையில் உட்காரும் முன்னரோ உட்கார்ந்த சில நாட்களிலோ இறந்துபோகிறது. ஆகவே இட்டு ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளை மட்டுமே அடைக்குத் தேர்ந்தெடுப்பதும், அதுவரை அவற்றை ஈரமணலின்மேல் வைத்த மண்சட்டியில், கூர்முனை கீழாக இருக்கும்படி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்திருப்பதும் இரும்புத் துண்டைவிட அதிகம் பயன் தரும். ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கின்மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், உயிருள்ள முட்டைக்குள் சிவந்த நரம்புகள் கிளைத்துப் பரவியிருப்பது தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பவற்றை அன்றே எடுத்துவிடலாம். கூடையில் இரும்பு கிடப்பதால் கேடு ஒன்றும் இல்லை. காரணம் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியில் முட்டையின் வயதை ஒருவரும் விசாரிக்காமல் போவதுதான் கேடு.

மழையில் நனைந்த கோழிக்குச் சீக்கு வரும் என்பது அடுத்தது. வளர்ந்த கோழியின் வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அதிலிருந்து அலகால் எண்ணெயைத் தொட்டு இறகுகளில் பூசிக்கொள்கிற பறவையைச் சாரல் வருத்துவதில்லை. தூவி மட்டுமே உள்ள குஞ்சின் ஸ்திதி வேறு; அது தொப்பலாக நனைந்தால் சில மணி நேரத்திலேயே விறைத்துச் செத்துப்போகும். ஆகையால் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து உலர்ந்த இடத்தில் வைப்பது முற்றிலும் நியாயமே. ஆனால் ஊரையே காலி செய்துவிட்டுப் போகிற வெள்ளைக் கழிச்சலுக்கும் மழைநீருக்கும் நேரான சம்பந்தம் ஒன்றும் கிடையாது. அது ஒரு வைரஸ் நோய். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்ட அந்நோய், அதற்குச் சிறிது காலத்துக்குப்பின் குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த ராணிக்கேத்தில் காணப்பட்டமையால், நம் நாட்டில் இன்றும் அவ்வூரின் பெயரையே சுமந்து நிற்கிறது. நோயுற்ற பறவையின் எச்சம், மூக்குநீர், அவற்றை மிதித்துவந்த செருப்பு, சந்தையில் வாங்கி அன்றே கூட்டத்தோடு சேர்த்துவிட்ட புதுக்கோழி ஆகியவை வழியாக அது பரவுகிறது. மழை செய்வதெல்லாம், வெளியே மேயவேண்டிய கோழிகளை ஒரே கூரையின் கீழ் நெருக்கி உட்கார வைப்பதுதான். வந்த பிறகு இதைத் தீர்க்க மருந்து கிடையாது. மஞ்சளும் வேப்பிலையும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊட்டுகிறவர்களின் சிரத்தையை நான் மதிக்கிறேன், ஆயினும் அவை இந்த வைரஸை வெல்லும் என்று நம்பித் தடுப்பூசியைக் கைவிடுவது பெரும் நஷ்டத்தில் முடியும். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் இடுகிற சொட்டு மருந்தும், எட்டு வார வயதில் போடுகிற ஆர்.டி.வி.கே. ஊசியும் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் கிடைக்கக்கூடியவை. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருப்பது அதற்கு இணையான ரக்ஷணை.

குளிர்காற்று படக்கூடாது என்று கோழிக்கூட்டைச் சாக்காலும் தார்ப்பாயாலும் நாலுபுறமும் இறுக மூடிவிடுவது, அன்பினால் செய்கிற தீமை. கோழியின் மூச்சிலும் எச்சத்திலும் வெளிப்படுகிற நீர் கொஞ்சமல்ல. வெளியேற வழியில்லாத அந்த ஈரத்தில் எச்சம் ஊறி, அதிலிருந்து எழுகிற அமோனியா வாயு கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்குகிறது. காலையில் கூட்டைத் திறந்ததும் நம் மூக்குக்கு எரிச்சலாக இருந்தால், இரவெல்லாம் அதற்குள் இருந்த பறவையின் கதி சொல்ல வேண்டியதில்லை. மழை அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, கூரையை ஒட்டிய மேற்பகுதியைச் சுற்றிலும் கம்பிவலையோடு திறந்து வைத்தால், கோழியின் மேல் நேராகக் காற்று வீசாமலே ஈரம் மேலே ஏறி வெளியேறிவிடும். தரையில் மூன்று நான்கு அங்குலத்துக்கு உமியோ மரத்தூளோ கடலைத்தோலோ பரப்பித் தினந்தோறும் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நின்றுவிட்டால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் இரத்தக் கழிச்சலுக்கு அந்த ஈரப் படுகைதான் மூலம். அந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டைகள் எச்சத்தில் வெளிவந்தபோதே தொற்றுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து தொற்றும் சக்தி பெறுகின்றன. உலர்ந்த படுகை அவற்றில் பெரும்பாலானவற்றை அதற்கு முன்பே அழித்துவிடுகிறது.

கோழி அம்மையைக் குறித்து ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் பெருகும் கொசுக்கள் அதைப் பரப்புகின்றன. மனிதர்களுக்கு வரும் சின்னம்மை முற்றிலும் வேறொரு வைரஸால் வருவது, அதற்கும் கோழிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

பூஞ்சை பிடித்த தானியத்தை, “நமக்கு ஆகாது, கோழிக்கு ஆகும்” என்று சொல்லி இறைக்கும் வழக்கத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடியத் தொடங்கி, இறந்தவை ஒரு லட்சத்தை எட்டின. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒருவகைப் பூஞ்சையின் விஷமே காரணம் என்று வெளியாயிற்று. அஃப்ளடாக்ஸின் என்று உலகம் அறிந்த அந்த விஷம் ஈரல்களைக் கெடுப்பது. பூஞ்சையைத் துடைத்துவிட்டு வெயிலில் காயவைத்தாலும், அடுப்பில் வறுத்தாலும் போய்விடுவதில்லை. சாரல் மாதங்களில் பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் மூட்டை மூட்டையாக வாங்கித் தரையில் அடுக்காமல், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூடியுள்ள தகர டப்பாவில், மணையின்மேல் வைப்பது நன்று.

தோட்டத்துக்கு வருவோம். செடி வாடினால் தண்ணீர் போதவில்லை என்று கொள்வது நம் இரத்தத்தில் ஊறிய எண்ணம். ஆனால் தொடர்மழையில் கத்தரியும் மிளகாயும் நட்டநடு ஈரத்தில் நின்றுகொண்டே வாடுவதைக் காணலாம். வேருக்கும் பிராணவாயு வேண்டும். அது மண்துகள்களின் இடைவெளிகளில் உள்ள காற்றின் வழியே வேரை அடைகிறது. அந்த இடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டாலோ, காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பிராணவாயு நீரில் பரவுமாதலால், வேர் மூச்சு முட்டி, நீரை உறிஞ்சும் திறனையே இழந்துவிடுகிறது. வாடிய செடிக்கு இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறவர் அதன் முடிவைத் துரிதப்படுத்துகிறார். மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்த பின்னரே நீர் வார்க்க வேண்டும். பாத்திகளைத் தரைக்கு மேல் முக்கால் அடியாவது உயர்த்தி, இடையில் வாய்க்கால் வெட்டி, வழியும் நீருக்குக் கொல்லையின் தாழ்ந்த மூலையில் போக்கிடம் காட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும். தக்காளிக்கு இன்னொன்றும் வேண்டும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் அடியிலைகளில் ஏறுவதால், வைக்கோலை மூடாக்காகப் பரப்பி, முழங்கால் உயரம் வரையுள்ள இலைகளை நீக்கிவிட வேண்டும்.

இடிமழை பெய்தால் உரம் வேண்டாம் என்பதில் அரைப்பங்கு உண்மை இருக்கிறது. மின்னலின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் பிராணவாயுவோடு கலந்து, மழையில் கரைந்து, பயிர் கிரகிக்கக்கூடிய நைட்ரேட்டாக இறங்குவது மெய்தான். ஆனால் அது சிறு அளவே. அதே பெருமழை மண்ணில் முன்பே இருந்த நைட்ரேட்டை வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு வாரம் அடைமழை பெய்த பின் கீழிலைகள் வெளிறி மஞ்சளாவது அதன் அடையாளம். மழை ஓய்ந்த இடைவெளிகளில் மக்கிய எருவைச் சிறிது சிறிதாக இடுவதே முறை.

பந்தலில் சுரையும் பூசணியும் கட்டைவிரலளவு பிஞ்சாக இருக்கும்போதே நுனி மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தால், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று திருஷ்டிப் பானை கட்டுகிற வழக்கத்தை எல்லோரும் அறிவோம். இவை ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாகப் பூக்கும் கொடிகள். பெண்பூவின் அடியில் பிஞ்சு முன்கூட்டியே இருப்பதால், காய்த்துவிட்டது என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம், ஆனால் மகரந்தம் சேராவிட்டால் அந்தப் பிஞ்சு நிலைக்காது. மழை பெய்யும்போது தேனீ பறப்பதில்லை. நனைந்த மகரந்தமும் கெட்டுப்போகிறது. பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலர்கின்றன. சுரையும் பீர்க்கும் புடலும் அந்தியில் மலர்ந்து, இரவில் திரியும் அந்துப்பூச்சிகளை எதிர்பார்க்கின்றன. அந்தந்த வேளையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய பூவெல்லாம் வீணே. ஆகவே பூசணிக்கு விடிந்ததும், சுரைக்கு விளக்கு வைக்கும் நேரத்திலும், ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை விலக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே மெல்லத் தடவி, மேலே ஓர் இலையைக் கவித்து வைத்தால், பிஞ்சு நிற்பதைச் சில நாட்களிலேயே கண்ணாரக் காணலாம். இந்தச் சின்னஞ்சிறு காரியத்தைச் செய்து பார்த்த குழந்தை தாவரசாஸ்திரத்தில் ஒரு பாடத்தை ஆயுள் முழுவதும் மறக்காது. சற்றுப் பெரிதான பிஞ்சில் ஊசி குத்தியது போன்ற தழும்பிருந்து உள்ளே புழு நெளிந்தால், அது பழ ஈயின் வேலை. அத்தகைய பிஞ்சுகளைக் கொடியடியில் விட்டுவைக்காமல் பொறுக்கிக் கோழிக்குப் போடுவது இருவகையிலும் லாபம்.

கோழி எச்சத்தைப் புதிதாகவே செடிக்கு இடலாம் என்பாரும் உண்டு. அதிலுள்ள யூரிக் அமிலம் ஈரத்தில் விரைவாக அமோனியாவாக மாறி இளவேர்களைக் கருக்கும். போதாததற்கு, வயிற்று நோய்களை விளைக்கும் கிருமிகள் மழைத்துளியோடு தெறித்துக் கீரையில் ஏறும். மண்ணைத் தொட்டு வளரும் பயிருக்கு அறுவடைக்கு 120 நாளுக்கு முன்னும், மற்றவற்றுக்கு 90 நாளுக்கு முன்னும் பச்சை எருவை நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதி கூறுகிறது. நம் கீரையோ மூன்று நாலு வாரத்தில் அறுவடையாவது. உலர்ந்த சருகோடு கலந்து, மழை படாமல் மூடி, சூடேறி ஆறும்வரை புரட்டிப் புரட்டி மக்கவைத்த பின்பே அதைப் பாத்திக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, முட்டையைக் கழுவுவது. நீர் பட்டால் சுத்தம் என்று நம்புகிறவர்கள், சாரல் நாட்களில் சேறு ஒட்டிய முட்டைகளைத் தொட்டியில் போட்டுத் தேய்த்துக் கழுவிச் சேமிக்கிறார்கள். இடும்போதே கோழி முட்டையின்மேல் ஒரு மெல்லிய உறையைப் பூசி, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அடைத்துத் தருகிறது; கழுவும்போது அது போய்விடுவதோடு, குளிர்ந்த நீரில் முட்டையின் உட்பொருள் சுருங்குவதால் வெளியிலுள்ள அழுக்கு நீர் துளைகளின் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. காய்ந்த சேற்றை உலர்ந்த துணியால் துடைத்து எடுப்பதே போதும். கழுவித்தான் ஆகவேண்டும் என்ற அளவுக்கு அழுக்கேறிய முட்டையை, அதைவிடச் சற்று வெதுவெதுப்பான நீரில் அலசி, அன்றைக்கே வேகவைத்து உண்டுவிட வேண்டும்.