வயிறு எனும் பாத்திரம்

நம் வீடுகளில் தொந்தி விழுந்தவரைக் கண்டால், "அல்லாஹ் பரக்கத் செய்திருக்கிறான்" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஆனால் இந்த உடல் நமக்குச் சொந்தமானதன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை எப்படிப் பேணினோம் என்ற கேள்வி மறுமையில் உண்டு.

அமெரிக்காவிலுள்ள ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் தொடங்கி 5,209 பேரின் உடல்நிலையை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 26 ஆண்டு விவரங்களை ஆராய்ந்து 1983-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: இரத்த அழுத்தம் முதலிய காரணங்களை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், உடற்பருமன் தனியாகவே இதய நோய்க்கு வழிவகுக்கிறது. கேரளத்தில் பிறந்த டாக்டர் ஸலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளிவந்த ஆய்வும், மாரடைப்பின் ஒன்பது முக்கியக் காரணங்களில் வயிற்றுப் பருமனையும் ஒன்றாகச் சேர்த்தது.

குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது; சர்க்கரை நோய்க்குக் கதவைத் திறக்கிறது; இரத்தத்தில் கெட்ட கொழுப்பைப் பெருக்குகிறது. இதயத்துக்குச் செல்லும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. அங்கே இரத்தம் உறைந்து அடைத்துவிட்டால் அதுவே மாரடைப்பு. நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எச்சரிக்கைக் கோடு. கைகால் மெலிந்தவருக்கும் இது பொருந்தும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வயிற்றை, நிரப்பப்படும் பாத்திரங்களிலெல்லாம் மோசமானது என்று எச்சரித்த ஹதீஸ் திர்மிதீயில் இருக்கிறது. உணவுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அதில் வருவதையே நாம் எல்லோரும் எடுத்துச் சொல்கிறோம். அதற்கு முன் அண்ணலார் சொன்னதை மறந்துவிடுகிறோம். உடலைத் தாங்கச் சில கவளங்களே போதும் என்பதே அவர்கள் முதலில் சொன்னது. மூன்றில் ஒரு பங்கு என்பது, மேலும் உண்ணாமல் முடியாது என்பவருக்கு அவர்கள் வகுத்த எல்லை. நாமோ அந்த எல்லையையும் தாண்டிவிட்டோம்!

ரமளானை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் பசித்திருந்துவிட்டு, மஃக்ரிபில் கஞ்சியோடு வடை, சமோசா, சர்பத். தராவீஹ் முடிந்ததும் பிரியாணி. நோன்பு கற்றுத் தந்த அடக்கம் இரவிலே கரைந்துவிடுகிறது. விருந்திலும் அப்படியே. விருந்தினரை உபசரிப்பது சுன்னத்; போதும் என்றவரின் தட்டில் மேலும் அள்ளி வைப்பது சுன்னத் ஆகாது.

சகோதரிகளே! எண்ணெயின் அளவும் சீனியின் அளவும் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. வெளியே நடக்க வசதியில்லாவிட்டால் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ தினமும் அரை மணி நேரம் நடங்கள். ஆண்கள் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு வண்டியில் போகாமல் நடந்து செல்லட்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பருத்தவரைக் கேலி செய்வது பாவம். பரம்பரையாலும் சில நோய்களாலும் மருந்துகளாலும் உடல் பருப்பதுண்டு. நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ தோன்றினால் வாயுப் பிடிப்பென்று கஷாயம் குடித்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்து செய்துகொள்வதும் நபிவழிதான்.

இன்றிரவு உணவிலேயே ஒரு கரண்டி சோற்றைக் குறைக்க நிய்யத் வைப்போம். அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.